விரதத்தில் சேராத குளிசை

எங்கள் குடியேற்றத்தில் தலையிடிக் குளிசையை, அந்தத் தலைவலி மாத்திரையை, ஒருவரும் மருந்து என்று நினைத்ததில்லை. மருந்து என்றால் ஆசுபத்திரிக்குப் போத்தில் கொண்டுபோய் வாங்குவது. குலுக்கிக் குடிக்கவேண்டும், கசக்கும். அல்லது நாட்டுவைத்தியப் பரியாரியார் தருவது; அதற்குப் பத்தியம் உண்டு. தலையிடிக் குளிசைக்குக் கசப்பும் இல்லை, பத்தியமும் இல்லை. அது சந்திக் கடையில், வெற்றிலைக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, ஒரு கண்ணாடிப் போத்திலுக்குள் கிடந்தது. கடைக்காரர் கையை விட்டு அள்ளி, கடதாசித் துண்டில் சுற்றித் தருவார். அருவி வெட்டுக்கு, நெல் அறுக்க, போகிற ஆட்கள் இடுப்பு நோகுமுன்பே ஒன்றை விழுங்கிவிட்டுப் போவார்கள். பல்லுக்குத்து என்றால் சூத்தைப் பல்லுக்குள் வைத்து அடைப்பார்கள். என் அக்காவின் மாமியார், நானும் மாமி என்றே கூப்பிடுகிறவர், முழங்கால் நோவுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி நினைத்த நேரமெல்லாம் போடுவார்.

அக்கா செத்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுதவேண்டியிருக்கிறது.

ஐயா இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். காடு வெட்டி, வரம்பு கட்டி, வயலில் இரண்டு மூன்று விளைச்சலைப் பார்த்ததோடு அவர் போய்விட்டார். அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. அதன்பிறகு எனக்கு வீடு என்றால் அக்காவின் வீடுதான். வாய்க்காலுக்கு மறுகரையில் காணி வைத்திருந்த அத்தானை அவள் கட்டியிருந்தாள். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா போகவில்லை. எனக்கு வாத்தியார் வேலை கிடைத்துப் பூவரசங்குளப் பக்கம் போனபோது, "எங்கட வீட்டிலையும் ஒரு சட்டம்பி" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்தான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமாகி இரண்டாம் வருஷமே கந்தசஷ்டி விரதம் பிடிக்கத் தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டு உண்டு. ஆறு வருஷம் விடாமல் பிடிக்கவேண்டும். இடையில் ஒரு வருஷம் தவறினால் பிடித்ததெல்லாம் கணக்கில் வராது. திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். தீபாவளிக்கு அடுத்த நாள் தொடங்கி ஆறு நாள். பகல் முழுக்கப் பச்சைத்தண்ணியும் இல்லை. பொழுதுபட்டுப் பூசை முடிந்தபிறகு பாலும் பழமும். ஆறாம் நாள் சூரன்போர்; அன்றைக்கு அதுவும் இல்லை. ஏழாம் நாள் விடியப் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது.

ஐந்து வருஷம் பிடித்துவிட்டாள். ஆறாம் வருஷம் சித்திரை மாதமளவில் வயிற்றில் நோ தொடங்கியது. பசித்தால் நோகும், சாப்பிட்டால் கொஞ்சம் ஆறும், பிறகு திரும்ப எரியும். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெள்ளைக் கஞ்சி மாதிரி ஒன்றைக் குடிக்கக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். குடலில் புண் என்றார்கள். உறைப்பு வேண்டாம், தேத்தண்ணி வேண்டாம், வயிற்றைக் காயப்போட வேண்டாம், அடிக்கடி பால் குடி என்று சொல்லி ஒரு வெள்ளை மருந்தும் தந்தார்கள். உறைப்பைக் குறைத்தாள். தேத்தண்ணியை அவளால் விட முடியவில்லை. விடியப் பால்கறக்கிற நேரம் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சாயம் கடுக்கக் குடிக்கிறவள்.

ஐப்பசியில் தீபாவளி விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது, இந்த வருஷம் விரதம் பிடிப்பதா விடுவதா என்பதே வீட்டில் கதை.

"வயிறு காயப்போடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ?" என்றேன்.

"கேட்டது. பால் குடிக்கச் சொன்னதும் கேட்டது. பொழுதுபடப் பால்தானே குடிக்கப்போறன்? டொக்டரும் முருகனும் ஒண்டைத்தான் சொல்லினம். நீ வகுப்பில பெடியளுக்குப் படிப்பி, எனக்கு வேண்டாம்."

அத்தான் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மாமிதான் விடவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளையில்லாத மருமகளைக் கரித்துக்கொட்டுகிற மாமியார் இல்லை அவர். அக்காவின் தலையில் பேன் பார்ப்பார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், தன் முழங்காலையும் பார்க்காமல் நிலத்தில் குந்தியிருந்து தடவிக்கொடுப்பார்.

"பிள்ளை, பேரப்பிள்ளை ஒண்டும் எனக்கு வேண்டாம். எனக்கு நீ இருக்கிறாய், காணும்," என்றார் மாமி.

"உங்களுக்கு நான் இருக்கிறன் மாமி. எனக்கு ஆர் இருக்கினம்?"

விரதம் தொடங்கியது.

முதல் நாள் மத்தியானமே தலையிடி வந்துவிட்டது. விரதத் தலையிடி ஊருக்குப் புதிதில்லை. தேத்தண்ணி நின்றால் எல்லோருக்கும் வருவதுதான். அதற்கு ஊரில் எல்லோரும் செய்வதையே மாமியும் செய்தார். இரண்டு குளிசையை எடுத்துக் கொடுத்தார். விழுங்க ஒரு மிடறு தண்ணீர். அதை முருகன் பொறுப்பான் என்பது ஊர் வழக்கம். அக்கா அந்த மிடறையும் குடிக்காமல் குளிசையை மென்றே விழுங்கினாள்.

இரண்டாம் நாள் மாமியின் கையிருப்பு முடிந்துவிட்டது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, மாமி கூட நடந்து வந்தார். சந்திக் கடைக்காரர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஆள். ஊர் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும்.

"என்ன ஆச்சி, போன கிழமைதானே கொண்டுபோனீங்க? முழங்கால் நோகுதோ, குளிசையில ஆசையோ?"

"எனக்கில்லை மோனை. மருமகள் விரதம். தேத்தண்ணி இல்லாமல் தலை வெடிக்குதாம்."

"விரதத்தில குளிசை போடலாமோ?"

"அதென்ன, சாப்பாடே? அதைத் திண்டால் பசி ஆறுமே?"

"எங்கட நோன்பில எண்டால் பொழுதுபடும் வரைக்கும் அதுவும் ஏலாது ஆச்சி. தலை வெடிச்சாலும் வெடிக்கட்டும் எண்டு கிடக்கவேண்டியதுதான். உங்கட ஆள் நல்லாச் சலுகை குடுக்கிறார்."

"எங்கட முருகன் அப்பிடித்தான். தலையிடிக்கிற பிள்ளையோட கோவிக்கமாட்டான்."

நானா சிரித்துக்கொண்டே போத்திலுக்குள் கையை விட்டார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற கதைதான்.

மூன்றாம் நாள் தலையிடி பின்னுக்குப் போய் வயிற்று நோ முன்னுக்கு வந்துவிட்டது. அதற்கும் அதே குளிசைதான். நோவை மாற்றுகிற குளிசை தலையென்றும் வயிறென்றும் பார்க்குமா என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். போட்டால் கொஞ்ச நேரம் அடங்கினமாதிரி இருக்கும்; பிறகு முன்னதைவிடக் கூடக் கொதிக்கும். கூடக் கொதித்ததால் இன்னும் ஒன்று போடுவாள். இந்த வட்டம் எங்கே தொடங்கி எங்கே வருகிறதென்று பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பூ எப்படிக் காயாகிறது என்று பலகையில் படம் கீறிக் காட்டத் தெரிந்த எனக்கும் அது தெரியாது.

வெளிக்குப் போகும்போது தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்று அவள் மாமியிடம் மட்டும் சொன்னாளாம். உடம்புச் சூடு என்று நினைத்து, பொழுதுபட்டபிறகு மாமி இளநீர் வெட்டுவித்துக் கொடுத்திருக்கிறார். இப்படியான கதையை ஆம்பிளையளுக்குச் சொல்வதா என்று இரண்டுபேரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முகம் வெளிறிக்கொண்டு வந்தது மட்டுமே. "விரதக் களை" என்றாள்.

சூரன்போர் அன்றைக்குக் காலையிலிருந்து மழை. வாய்க்கால் கரையில் தகரம் போட்ட சின்னக் கோயில் அது. குடியேறி வந்தவர்கள் கட்டியது. பின்னேரம் மழை விட்டதும் சனம் கூடியது. பெடியள் சூரனைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தார்கள். முருகனின் ஆட்கள் களைக்காமல், சூரன் தூக்கின பெடியன் களைத்துப்போய்ச் சேற்றில் வழுக்கினான். "சூரன் இப்பவே விழுந்திட்டான், ஐயர் கெதியாய் முடியுங்கோ!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்ததைக் கண்டேன். அந்தச் சிரிப்போடேயே அவள் பக்கத்தில் நின்ற பொம்பிளையின் தோளைப் பிடித்தாள். பிறகு குனிந்தாள். கோப்பித்தூளைத் தண்ணியில் கரைத்து ஊற்றின மாதிரி நிலத்தில் கொட்டியது. அதற்குப் பின்னால் சிவப்பாகவும் வந்தது.

உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு, அதன்மேல் படுக்கவைத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸ் வண்டியில் யாழ்ப்பாணப் பெரிய ஆசுபத்திரிக்கு. இரத்தம் ஏற்றவேண்டும் என்று அத்தானையும் என்னையும் வேறொரு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் அங்கே கையை நீட்டிக்கொண்டு கிடந்த நேரத்தில்தான் டொக்டர் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெண்கள் வாட்டில் துணைக்கு நின்ற மாமியும் பக்கத்தில் இருந்தார். பிறகு தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இந்த நாளுகளில என்னென்ன சாப்பிட்டனீங்கள்? ஏதும் மருந்து, குளிசை எடுத்தனீங்களோ?"

"ஒண்டும் இல்லை ஐயா. நான் விரதம்."

டொக்டர் மாமியைப் பார்த்திருக்கிறார்.

"பச்சைத்தண்ணியும் பல்லில படேல்லை ஐயா. பொழுதுபட்டால் பாலும் பழமும், இடையில இளநியும். வேற ஒண்டும் இல்லை. சத்தியம்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. விரதத்தில் சேராதது எதுவோ அது அவர்களுடைய நினைப்பிலும் இல்லை. ஆறு நாளும் வாய்க்குள் போனது என்ன என்று அக்காவைக் கேட்டால் ஒவ்வொரு வாழைப்பழத்தையும் சொல்லியிருப்பாள். குளிசையைச் சொல்லத் தோன்றியிராது.

இரத்தம் ஏறியபிறகு கொஞ்சம் தெளிந்தாள். நடுச்சாமமாகியிருந்தாலும் எங்களைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். கையில் ஊசி குத்தியிருந்தது. என்னைக் கண்டதும் கண்ணால் கிட்ட வரச் சொன்னாள்.

"தம்பி, விடியும்வரைக்கும் வாயில ஒண்டும் வைக்கக்கூடாதாம். டொக்டரே சொல்லிப்போட்டார்." குரல் மெலிந்திருந்தாலும் அதற்குள் சிரிப்பு இருந்தது. "பாத்தியே, விரதம் முறியேல்லை. டொக்டரும் என்னோட சேர்ந்து விரதம் பிடிக்கிறார்."

"கதைக்காமல் படு அக்கா."

"நீதான் விடச் சொன்னனீ. இப்ப என்ன சொல்லுறாய் சட்டம்பி?"

அத்தான் அவளுடைய காலை மூடியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் திரும்பத் திரும்பச் சரிசெய்தார்.

விடிந்தது. இரத்தப்போக்கு நின்றுவிட்டது என்றார்கள். இனி மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் என்று தாதி கரண்டியால் பருக்கினாள். அக்கா மாமியிடம் திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு அந்தப் பாலைக் குடித்தாள். அதுதான் அவளுடைய பாறணை. ஆறு வருஷமும் முடிந்தது. வாசலில் நின்ற எங்களிடம் மாமி வந்து இதைச் சொன்னபோது அவர் முகம் விரிந்திருந்தது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சீறினார். நாங்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவள் பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

நாங்கள் கடையில் இருந்த நேரம் அக்காவுக்குத் தலையிடித்திருக்கிறது. தாதிமார் ஓடித்திரிகிறார்கள், இந்தச் சின்னக் காரியத்துக்கு அவர்களை ஏன் கூப்பிடவேண்டும் என்று மாமி தன் மடியில் இருந்த குளிசையில் இரண்டை எடுத்துப் பாலில் கரைத்துக் கொடுத்தார். மத்தியானம் இன்னும் இரண்டைக் கரைத்தார். அந்த இரண்டாம் முறை தாதி கண்டுவிட்டாள்.

"என்னம்மா அது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. தலையிடிக் குளிசை."

தாதி கரண்டியைப் பறித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள். வெளிச்சாமான் வாட்டுக்குள் கொடுக்கக்கூடாது என்ற சட்டத்துக்குத்தான் தாதி கோபித்தாள் என்று மாமி நினைத்தார். "வீட்டுச் சோத்தைக் குடுத்தாலும் ஏசுவினம், தெரியும்தானே," என்று எங்களிடம் சொன்னார். காலையில் கொடுத்த இரண்டும் அதற்குள் உள்ளே போய்விட்டன.

பின்னேரம் திரும்ப இரத்தம் வந்தது. இந்த முறை கோப்பித்தூள் நிறம் இல்லை. வெட்டித் தைக்கவேண்டும் என்று வண்டிலில் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்தில் நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அவள் கண் திறந்திருந்தது. எங்களைக் கண்டாளோ தெரியாது. சத்திரசிகிச்சைக்கு எல்லாம் ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது என்று வண்டில் தள்ளின ஓடலி வந்து சொன்னான்.

டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வயதான ஆள். கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை.

"நீர்தானே படிச்ச பிள்ளை? இதை நீர்தான் வீட்டில சொல்லவேணும். அந்தக் குளிசை ஆஸ்பிரின். நல்ல வயித்துக்காரருக்கே சிலபேருக்கு அது வயித்தை அரிக்கும். புண் இருக்கிற வயித்துக்கு அது நஞ்சு மாதிரி. புண்ணில இருந்து இரத்தத்தைத் திறந்துவிடும். வெறும் வயித்தில இன்னும் மோசம். சாப்பிட்டிட்டுப் போட்டால் காரியமில்லை எண்டு சனம் நினைக்குது, அதுவும் பிழை. புண் உள்ளவை அதைத் தொடவே கூடாது. தலையிடி, காய்ச்சலுக்கு இப்ப வேற குளிசை ஒண்டு வருகுது, பரசிற்றமோல் எண்டு. அது வயித்தை அவ்வளவு கடிக்காது. அதையும் கேட்டுத்தான் எடுக்கவேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கேட்டனான் தம்பி. ஒண்டும் எடுக்கேல்லை எண்டு ரெண்டுபேரும் சொன்னவை."

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். மாமி தாழ்வாரத்து நிலத்தில் காலை நீட்டியிருந்து ஒப்பாரி சொல்லி அழுதுகொண்டிருந்தார். பாறணை முடித்த வாய் மூடமுன்னம் போனியே என்று அழுதார். அத்தான் பக்கத்தில் நின்றார். டொக்டர் என்ன சொன்னவர் என்று அவர் கண்ணால் கேட்டார். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், மரத்தின் கீழே வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்குச் சொல்லாதை," என்றார். "அந்தியேட்டி முடியட்டும். பிறகு பாப்பம்." முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம்.

உடலை வாடகை லொறியில் கொண்டுவந்தோம். பாதி வழியில் திரும்ப மழை பிடித்தது. மறுநாள் செத்தவீடு. எங்கள் வீட்டு அடுப்பு மூட்டவில்லை. அயல்வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்திருந்தார்கள். சுடலையில் கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்த அத்தான், ஈரத்துண்டோடு முன்மால் திண்ணையில் குந்தி, தலையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டார். ஆசுபத்திரித் தேத்தண்ணிக் கடைக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. அவருக்கும் நெஞ்செரிவும் புளியேப்பமும் கனகாலமாக உண்டு.

மாமி உள்ளேயிருந்து வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. மறுகையை விரித்தபோது இரண்டு குளிசை.

"இந்தா மோனை, போடு. தலையிடி விடும்."

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. நான் எழும்பிப் போய்ச் செம்பை வாங்கினேன்.

"வேண்டாம் மாமி. வெறும் வயிறு."

"அப்ப ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும். குடிச்சிட்டுப் போடட்டும்."

"கஞ்சி குடிச்சாலும் வேண்டாம் மாமி. அத்தானுக்கும் வயித்தில எரிவு இருக்கு. வயித்தில புண் இருக்கிற ஆக்களுக்கு இந்தக் குளிசை ஆகாது. புண்ணைத் திறந்துவிடுமாம். டொக்டர் சொன்னவர்."

பாதிதான் சொல்லுகிறேன் என்று நினைத்தேன்; சொல்லிமுடித்த பிறகுதான் முழுவதையும் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. மாமி விரித்த கையை மூடவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்கள் தங்கள் பாட்டில் வயல் விதைப்புக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவளுக்கும் புண்தானே தம்பி," என்றார்.

"ஓம் மாமி."

"எப்ப சொன்னவர் டொக்டர்?"

"முடிஞ்ச பிறகு."

"அப்ப நான் விடியப் பாலில கரைச்சுக் குடுத்தது..."

அத்தான் எழும்பினார். "எணை அம்மா, அவள் கேட்டவள், நீ குடுத்தனீ. உன்னட்டை இல்லையெண்டால் நானே கடைக்கு ஓடியிருப்பன். ஆருக்கெணை தெரியும்?"

மாமி அழவில்லை. முதல்நாள் முழுக்க அழுத ஆள். முற்றத்துக்கு இறங்கி, அந்த இரண்டையும் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் போட்டார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து, நோகிற முழங்காலோடு குசினிக்குள் போனார். வெகுநேரமாக வரவில்லை. நான் போய்ப் பார்ப்போமா என்று நினைத்து எழும்பும்போது, கோப்பையில் கஞ்சியோடு வந்தார். அதை அத்தானுக்கு முன்னால் வைத்துவிட்டு, எட்ட நகராமல் அங்கேயே நின்றார்.

"உப்புக் காணாதெண்டால் சொல்லு," என்றார்.